ஐந்து மாத இரட்டையர்

அத்தியாயம் பதினான்கு

ஊரிலிருந்து பொட்டலம் வந்து இன்று நான்காம் நாள். விமலராணியின் சமையலறை மேசையில், ஜாம் போத்தலுக்கும் அவளுடைய சின்ன மகள் அன்னாவின் வண்ணப் பென்சில்களுக்கும் நடுவில் அது கிடந்தது. ஒருவரும் அதை எடுத்து அலுமாரிக்குள் வைக்கவில்லை. வைத்தால் முடிவெடுத்தது போலாகிவிடும் என்று அவளும் அண்ணன் அந்தோனிதாசனும் நினைத்தார்கள் போலும்.

வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தோனிதாசன் அகதிகள் உதவி அலுவலகத்தில் இருக்க வேண்டும். மாலைத் தபாலில் அவனுடைய கோப்பு கொபன்ஹேகனுக்குப் புறப்பட வேண்டும்.

இரண்டரை வருடம் அசையாமல் கிடந்த கோப்பு. டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் அவனுக்கு மட்டுமல்ல, புரொண்பியில் இருந்தவர்களுக்கும் ஸ்கீவயில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட எழுதிக் கொடுத்தவர்கள் தபால் பெட்டியைத் திறந்து திறந்து கை ஓய்ந்துபோயிருந்தார்கள். பிறகு பத்திரிகைகளில் சத்தம் எழுந்தது. இந்த மார்ச்சில், எங்கேயோ ஒரு கதவு திறந்தது போல, எல்லோருக்கும் ஒன்றாகக் கடிதங்கள் வந்தன. இவர்கள் உன் மனைவி பிள்ளைகள்தான் என்பதற்கு ஆதாரம் காட்டு; பாட்டன் பாட்டி வரைக்கும் வம்ச வரிசை எழுது; ஏப்ரல் முடிவதற்குள் அனுப்பு.

சங்குமுனையில் பிறந்தவனுக்குக் கோயில் புத்தகத்தை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. ஊர் காலியானபோது ஞானஸ்நானப் பதிவேடுகளைச் சாக்கில் கட்டி மன்னார்ப் பட்டணத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே போய்ப் பிரதிகள் எடுத்து, கொழும்புக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரியின் கையில் இந்தப் பொட்டலமாகக் கொடுத்தனுப்பியவர் மாமன் இன்னாசித்தம்பி. ஒரு காலத்தில் ஊர்க் கோயிலின் உபதேசியாராக இருந்தவர்.

அந்தோனிதாசனுக்கும் மனைவி மேரிகிறேஸுக்கும் ஒவ்வொன்று. மூத்தவன் டானியலுக்கு ஒன்று. இளையவன் றொஜிதனுக்கு ஒன்று. பெண்பிள்ளை ஜெசிந்தாவுக்கு மட்டும் இரண்டு.

முதல் பத்திரத்தில் ஜெசிந்தா 1979 ஜூலை ஒன்பதாம் திகதி பிறந்தவள்; தகப்பன் பெயர் நிக்கலஸ். இரண்டாவது பத்திரத்தில் அவள் அதே வருடம் பெப்ரவரி பதினோராம் திகதி, டானியல் பிறந்த அதே நாளில் பிறந்தவள். தகப்பன் பெயர் அந்தோனிதாசன்.

முதலாவதுதான் உண்மை.

"கள்ளப் பத்திரம்தான் பாக்க உண்மை மாதிரிக் கிடக்கு," என்றான் அந்தோனிதாசன்.

"மாமா தேத்தண்ணி தெளிச்சிருக்கிறார். மணந்து பாருங்கோ." விமலராணி அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு இன்று லீவு. லீவை அவன் கேட்கவில்லை, அவளாகத்தான் எடுத்திருந்தாள். "பழைய படிவமும் முத்திரையும் இத்தனை வருசம் றங்குப் பெட்டிக்குள்ளை வச்சிருந்திருக்கிறார் பாருங்கோ. கெட்டிக்காரன்."

"உபதேசியாராம் உபதேசியார்."

"இங்கிலீஸ் ஒரு எழுத்துத் தெரியாது. படம் கீறுற மாதிரிக் கீறியிருக்கிறார். ஒரு பிழை சொல்லுங்கோ பாப்பம்."

அந்தோனிதாசன் பிழை தேடவில்லை. மூன்று நாளாகத் தேடியாகிவிட்டது.

நிக்கலஸ் அவனுடைய அண்ணன். ஜெசிந்தா பிறந்த மூன்றாம் நாள் அண்ணி காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது டானியலுக்கு ஐந்து மாதம். மேரிகிறேஸ் ஒரு மடியில் தன் பிள்ளையையும் மறு மடியில் அந்தப் பிள்ளையையும் போட்டுப் பால் கொடுத்தாள். ஊரில் அவர்களை இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். 1985இல் நிக்கலஸ் கடலுக்குப் போனான். படகு மட்டும் ஒதுங்கியது.

அடுத்த வருடம் அந்தோனிதாசன் டென்மார்க்கில் வந்து இறங்கினான். எத்தனை பிள்ளைகள் என்று பொலிஸ்காரர் கேட்டார். மூன்று என்றான். வயது? ஏழு, ஏழு, நான்கு. இரட்டையா? ஓம்.

அந்த நேரத்தில் அவனுக்கு அது பொய்யாகத் தோன்றவேயில்லை. அண்ணனுடைய பிள்ளையை வேறு பிள்ளை என்று சொல்வதுதான் அவனுக்குப் பொய்யாகத் தோன்றியிருக்கும். ஆனால் பொலிஸ் அறிக்கையில் தட்டச்சில் ஏறிவிட்டது: இரட்டைக் குழந்தைகளின் தகப்பன்.

"சின்னண்ணை," விமலராணி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "றிப்போட்டிலை ரெட்டை எண்டு கிடக்கு. இந்தப் பத்திரத்திலையும் ரெட்டை எண்டு கிடக்கு. ரெண்டும் பொருந்துது. பிறகென்ன யோசினை?"

"பிடிபட்டால்?"

"ஆர் பிடிக்கிறது? சங்குமுனைக்கு ஆள் அனுப்பிப் பாப்பினமோ? அங்கை இப்ப நாயும் இல்லை."

"பிடிபட்டால் டானியலையும் நம்பமாட்டினம். றொஜியையும் நம்பமாட்டினம். கிறேஸ் என்ரை பெண்சாதிதானோ எண்டும் கேப்பினம்."

"உண்மையைச் சொன்னால் மட்டும் பாராட்டி மாலை போடுவினமோ? ஸ்கீவயிலை சண்முகலிங்கம் அண்ணைக்கு என்ன நடந்தது? கோப்பெல்லாம் நிக்கிறதுக்கு முன்னம், மூத்தவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுது எண்டு உள்ளதைச் சொன்னார். மற்றப் பிள்ளையள் வந்திட்டுதுகள். அவள் இன்னும் கொழும்பிலை லொட்ஜிலை."

அவன் மேரிகிறேஸின் கடிதத்தை எடுத்தான். பொட்டலத்துக்குள் வந்த அரைத்தாள். மடு அகதி முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து எழுதியது. எத்தனையோ தடவை வாசித்துவிட்டான்.

*மூண்டு பிள்ளைகளுக்கும் ஒண்டாக விசா எண்டால் வாறன். ஒண்டைக் குறைச்சால் என்னையும் சேர்த்துக் குறைச்சுக்கொள்ளுங்கோ.*

அதில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாகக் குரல் கேட்காத மனுசியின் கடிதத்தை எந்தக் குரலில் வாசிப்பது?

"அன்னா, பாலைக் குடிச்சு முடி," என்றாள் விமலராணி.

"நை," என்று டேனிஷில் மறுத்தது பிள்ளை, பென்சிலை விடாமல்.

"பாத்தியளே? இஞ்சை பிறந்தது ஒரு சொல்லிலை அலுவலை முடிக்குது. நீங்கள் மூண்டு நாளா முழுசுறியள்."

அவன் இரண்டு பத்திரங்களையும் ஒரே உறைக்குள் வைத்து, சட்டையின் உள்பக்கப் பையில் செருகிக்கொண்டு தொழிற்சாலைக்குப் புறப்பட்டான். அரைநாள் வேலை. ஒரு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் சந்திப்பதாக ஏற்பாடு.

வாசல்வரை வந்த விமலராணி, "பெப்ரவரிப் பத்திரம்," என்றாள். "மறந்து மற்றதை எடுத்து நீட்டிப் போடாதையுங்கோ."

---

துறைமுகத்தில் காற்று ஒரு பக்கமும் நிற்காமல் அலைந்தது. மீன்தூள் ஆலையின் மணத்தைக் கொண்டுவந்து முகத்தில் அடித்துவிட்டு, பிறகு ஒன்றும் தெரியாதது போல வெறும் உப்பு மணமாக மாறிவிடும். வெள்ளைக் கோட்டும் தலைமுடி வலையும் போட்டுக்கொண்டு அந்தோனிதாசன் மீன் வெட்டும் வரிசையில் நின்றான். உறை உள்சட்டையில் இருந்தது. ஒவ்வொரு பெட்டி முடியும்போதும் முழங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தான்.

ஒன்பதரை மணி இடைவேளையில் எமிலியா ஓடிவந்து, அவனுடைய தேநீர்க் கோப்பையைத் தள்ளிவிட்டு, ஒரு போட்டோப் பிரதியை மேசையில் விரித்தாள்.

"தாத்தாவைப் பிடித்துவிட்டேன்!"

அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வரிசையில் அவனுக்கு அடுத்த இடம் அவளுடையது. இரண்டு வருடமாக லீவு கிடைக்கும் நாளெல்லாம் ரயில் ஏறி வீபோர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், பழைய தேவாலயப் புத்தகங்களிலும் குடிசன மதிப்புத் தாள்களிலும் தன் வம்சத்தைத் தோண்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய வம்ச வரிசைத் தாளை மையால் அழகாக நிரப்பிக் கொடுத்ததும் அவள்தான். அவனுடைய பூட்டன் சந்தியோகு 1871இல் ஞானஸ்நானம் பெற்றவர், சங்கு குளித்தவர் என்று மாமன் எழுதியதை அவன் மொழிபெயர்த்தபோது, அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சங்கு என்றால் என்னவென்று அரை மணி நேரம் கேட்டாள்.

"எங்கள் வீட்டில் சொல்வது என்ன? தாத்தாவின் அப்பா கப்பல் தலைவர். வரவேற்பறையில் ஒரு கப்பல் படம்கூட மாட்டியிருக்கிறோம். இங்கே பார், 1880 மக்கள் கணக்கெடுப்பு. மீன்பிடிக்காரன் ஒருவனின் வீடு. மனைவி. இரண்டு மகள்கள். கடைசியில் யார்?"

பழைய சுருள் எழுத்து. அவனால் வாசிக்க முடியவில்லை.

"கிறிஸ்டியன், ஆறு வயது, பிளையபார்ன்!"

"அப்படியென்றால்?"

"வளர்ப்புப் பிள்ளை. பிறகு தேவாலயப் புத்தகத்தில் தேடினேன். தாய் பண்ணை வேலைக்காரி. தகப்பன் கட்டத்தில் ஒன்றுமில்லை. வெறும் கோடு." அவள் சிரித்தாள். சிரிப்பு நீளமாக வரவில்லை. "கப்பல் தலைவர் மூழ்கிவிட்டார். நேற்று அக்காவுக்குச் சொன்னேன். டெலிபோனை வைத்துவிட்டாள்."

அந்தோனிதாசன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தான். "அந்தக் கணக்கெடுக்க வந்தவனுக்கு, இது பெற்ற பிள்ளை இல்லை என்று யார் சொன்னது?"

"அந்த வீட்டுக்காரர்தான். வேறு யார்?"

"ஏன் சொன்னார்கள்? மூன்று பிள்ளைகள் என்று சொன்னால் முடிந்ததே."

"கேட்டான், சொன்னார்கள். எழுதிக்கொண்டு போய்விட்டான்."

"பிறகு பிள்ளையைக் கொண்டுபோகவில்லையா?"

"எங்கே கொண்டுபோவது? அந்த வீட்டில்தான் வளர்ந்தார். கடைசியில் படகும் அவருக்குத்தான் கிடைத்தது, மகள்களுக்கு இல்லை." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏன் என் தாத்தாவுக்காக இப்படி வியர்க்கிறாய்?"

அவன் உறையை எடுத்தான். மீன் வாடை வீசும் விரல்களால் இரண்டு பத்திரங்களையும் அவள் முன் வைத்தான். தெரிந்த டேனிஷ் மொழியில், சொற்கள் கிடைக்காத இடத்தில் கையால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னான். ஒரு மடி, மறு மடி, ஐந்து மாதம், படகு.

எமிலியா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுக்கு வந்தது கோபம்.

"என் கையெழுத்தில் பொய் எழுத வைத்தாயா? நான் இரவு விளக்கை வைத்துக்கொண்டு கோடு கோடாகக் கீறினேன், அந்தப் பிள்ளையை உனக்குக் கீழே!"

"எனக்குக் கீழேதான் அவள்."

"வீட்டில் உனக்குக் கீழே. தாளில் உன் அண்ணனுக்குக் கீழே. இரண்டு வருடமாக இப்படி எழுதி வைத்தவர்களைத்தான் நான் திட்டிக்கொண்டிருக்கிறேன், தெரியுமா? கப்பல் தலைவர் என்று எழுதினார்களே, அந்த ஆட்களை."

"உன் தாத்தாவுக்கு விசா தேவைப்படவில்லை, எமிலியா."

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மற்ற மேசையில் யாரோ கறுப்பு ரொட்டியின் கடதாசியைக் கசக்கினார்கள்.

"சரி," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இந்தப் பொய்ப் பத்திரம் ஒரு முறை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன நடக்கும்? உன் எல்லாத் தாளும் பொய்யாகிவிடும். சங்கு குளித்தவரும் பொய்யாகிவிடுவார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லாதே என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன், என் பிள்ளைகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். உனக்கு வேண்டுமானால் கைப்பையில் இன்னொரு வெற்றுத்தாள் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது."

அந்தோனிதாசனின் மனதில் அந்த ஆறு வயதுக் கிறிஸ்டியன் வந்து நின்றான். வாசலில் கணக்கெடுப்புக்காரன். இது யார் என்று கேட்கிறான். வீட்டுக்காரி மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் வளர்ப்புப் பிள்ளை என்கிறாள். உள்ளே இருந்து அந்தப் பையன் அதைக் கேட்கிறான். அதன் பிறகும் சாப்பாட்டுக்கு அதே மேசையில்தான் உட்கார்கிறான்.

"எழுது," என்றான்.

எமிலியா எழுதினாள். சந்தியோகு. அவருக்குக் கீழே மூன்று பேர். அந்த மூவரில் ஒருவருக்குக் கீழே அவனுடைய தகப்பன். தகப்பனுக்குக் கீழே நிக்கலஸ், அந்தோனிதாசன், விமலராணி. ஜெசிந்தாவை நிக்கலஸுக்குக் கீழே வைத்து, அங்கிருந்து அந்தோனிதாசனின் பெயருக்குப் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு இழுத்தாள்.

"வளர்ப்புப் பிள்ளைக்குப் புள்ளிக்கோடு," என்றாள். "ஏதாவது ஒரு கோடு இருக்கவேண்டும்தானே?"

மணி அடித்தது. இரண்டு பேரும் கையுறைகளைப் போட்டுக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள்.

---

பஸ்ஸுக்குள் விமலராணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். புதுத் தாளை மடியில் விரித்துப் புள்ளிக்கோட்டில் விரலை வைத்தாள்.

"அந்த மீன் வெட்டுறவள் சொன்னாள் எண்டே மாத்தினியள்?"

"அவள் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் மாத்தினனான்."

"உங்கட பெண்சாதி பிள்ளையள், உங்கட விருப்பம். ஆனால் ஒண்டு கேளுங்கோ. இண்டைக்கு அந்த ஜூலைப் பத்திரத்தைக் குடுக்காதையுங்கோ. ஜெசியை விட்டிட்டு மற்ற மூண்டு பேரின்ரையையும் குடுப்பம். பிறகு ஆறுதலா..."

"ஒண்டைக் குறைச்சால் தன்னையும் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாள். வாசிச்சனிதானே?"

"எல்லாம் வாசிச்சனான்," என்றாள் விமலராணி. "நீங்கள்தான் வடிவா வாசிக்கேல்லை."

என்ன சொல்கிறாய் என்று கேட்பதற்குள் அவர்களுடைய நிறுத்தம் வந்துவிட்டது.

உதவி அலுவலகத்தின் ஆலோசகர் ஒரு மெலிந்த பெண்மணி. இரண்டரை வருடத்தில் அவனுடைய கோப்பை நான்கு தடவை கொபன்ஹேகனுக்கு நினைவூட்டி எழுதியவர். பதில் வராததற்கு ஒவ்வொரு தடவையும் அவரே மன்னிப்புக் கேட்பார், தவறு தன்னுடையது போல. இன்று அவர் முகத்தில் ஓர் அவசர மகிழ்ச்சி இருந்தது.

"இப்போது எல்லாம் நகர்கிறது," என்றார். "போன வாரம் இரண்டு குடும்பத்துக்கு அனுமதி வந்தது. ஆறு வாரத்தில்! தாள்களைத் தாருங்கள்."

அந்தோனிதாசன் ஒவ்வொன்றாக வைத்தான். தன்னுடையது. மேரிகிறேஸுடையது. டானியல். றொஜிதன். வம்ச வரிசை. பிறகு உறைக்குள் விரலை விட்டு ஜூலை மாதப் பத்திரத்தை வெளியே எடுத்தான்.

மேசையில் அது விழுந்த உடனே விமலராணியின் கை அதன் மேல் விழுந்தது.

"சின்னண்ணை, வேண்டாம்."

"கையை எடு."

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இதைக் குடுத்தால் முடிஞ்சுது."

"கையை எடு, ராணி."

ஆலோசகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தோனிதாசன் தங்கையின் விரல்களை மெதுவாக, ஒவ்வொன்றாகத் தூக்கினான். சின்ன வயதில் அவள் கைக்குள் ஒளித்த இனிப்பை எடுப்பதற்குச் செய்தது போல.

பிறகு சொன்னான். நடந்தது முழுவதையும் சொன்னான். ஆலோசகர் குறுக்கே பேசாமல் எழுதினார். இடையில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்தார்.

"பொலிஸ் அறிக்கையில் இரட்டை என்று இருக்கிறது."

"ஒரே தாயிடம் பால் குடித்தார்கள். ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிழை என்னுடையது."

"இதை நான் எழுதி அனுப்ப வேண்டும். திருத்தம் என்று அனுப்பலாம். நீங்களாகவே வந்து சொன்னீர்கள் என்றும் எழுதுவேன்." அவர் பேனா மூடியைக் கடித்து யோசித்தார். "வளர்ப்புப் பிள்ளை முடியாததல்ல. பெற்றோர் இருவரும் இல்லாத குழந்தை, பிறந்ததிலிருந்து உங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள் என்றால் அது நல்ல காரணம். அண்ணன் இறந்தது எப்போது?"

"1985. கடலில்."

"சான்றிதழ்?"

"உடல் வரவில்லை. படகு மட்டும் வந்தது."

ஆலோசகர் தலையசைத்து எழுதினார். பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பத்திரத்தை மேலிருந்து கீழே வாசித்தார். கீழே வந்ததும் நின்றார். இன்னொரு தடவை வாசித்தார். பத்திரத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"இதை வாசித்தீர்களா?"

பெயர், திகதி, தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன். அவ்வளவும் அவனுக்குப் பாடம். அதற்கும் கீழே, குறிப்புகளுக்கான கட்டத்தில், குருவானவர் ஒருவரின் சாய்ந்த ஆங்கில எழுத்து. வைத்தியரின் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. கோயில் அலுவல் ஏதோ என்று அவன் அதைப் பொருட்படுத்தவேயில்லை.

ஆலோசகர் அதை டேனிஷ் மொழியில் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளையின் தகப்பன் நேரில் வந்து, இந்தப் பதிவின் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொண்டார். பதினான்காம் திகதி, நவம்பர், 1988."

அறைக்கு வெளியே யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தொடர்ந்து கேட்டது.

"ஐந்து மாதத்துக்கு முன்பு," என்றார் ஆலோசகர். அவர் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று, ஒரு கவனம், வந்திருந்தது. "உங்கள் அண்ணன் இறந்துவிட்டார் என்று இப்போதுதான் சொன்னீர்கள்."

அந்தோனிதாசனுக்குப் பயம் வரவில்லை. பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. மன்னாரில் ஒரு நீண்ட விறாந்தை; வெயில்; படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறான் நிக்கலஸ். முன்பைவிட மெலிந்திருக்கிறான். சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, "பாதர், என்ரை பிள்ளையின்ரை பதிவு ஒண்டு வேணும்," என்கிறான். இறந்தவன் என்று வீட்டார் மூன்றரை வருடமாக ஆத்தும பூசை கொடுத்துவந்த மனிதன்.

உயிரோடு.

அவன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். விமலராணி பத்திரத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் திகைப்பு இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றான்.

"பொட்டலம் உடைச்ச அண்டைக்கே வாசிச்சனான்."

"பெரியண்ணை உயிரோடை இருக்கிறார் எண்டு தெரிஞ்சும்..."

"இருக்கிறாரோ, ஆரும் அவரின்ரை பேரைச் சொல்லி எடுத்தினமோ, எனக்கென்ன தெரியும்?" அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "நான் உங்களுக்குச் சொன்னால் என்ன செய்திருப்பியள்? கோப்பை வச்சிட்டு அவரைத் தேடத் தொடங்கியிருப்பியள். இண்டைத் தபால் தவறிப்போயிருக்கும். முதல் இதுகளை இஞ்சை எடுப்பம், பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். மூண்டு நாளா ஒரு வாய் சோறு இறங்கேல்லை எனக்கு."

"டேனிஷில் பேசுங்கள், தயவுசெய்து," என்றார் ஆலோசகர்.

பேசினார்கள். பேசி முடித்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கொபன்ஹேகனில் இருப்பவர்கள் உங்களைப் பார்க்கப்போவதில்லை. தாளைத்தான் பார்ப்பார்கள். மனைவி, இரண்டு பையன்கள், இவர்களுடைய கோப்பை இன்றே அனுப்பலாம், ஜூன் மாதத்துக்குள் முடியும். சிறுமியுடையது தனி. தகப்பன் உயிரோடு இருந்தால் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அவர் இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். மூன்று வாரம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன். அதற்குமேல் முடியாது. சொல்லுங்கள், மூவரையும் அனுப்பட்டுமா?"

விமலராணி அவன் கையைப் பிடித்தாள். "ஓம் எண்டு சொல்லுங்கோ. கையெடுத்துக் கும்பிடுறன்."

ஜூன். இன்னும் இரண்டு மாதம். டானியலின் உயரம் எவ்வளவு என்றுகூட அவனுக்குத் தெரியாது.

"நான்கு பேரும் ஒன்றாகத்தான்," என்றான் அந்தோனிதாசன். "மூன்று வாரம் கேளுங்கள்."

ஆலோசகர் கோப்பை மூடினார். அன்றைய மாலைத் தபால் அது இல்லாமலே போனது.

---

படியிறங்கி வீதிக்கு வந்ததும் காற்று விமலராணியின் குடையைப் புரட்டியது. அவள் அதை மடக்க முயலவில்லை.

"விசரன்," என்றாள், அழுதுகொண்டு. "நீங்களும் விசரன், உங்கட அண்ணனும் விசரன். உயிரோடை இருக்கிற மனுசன் ஒரு கடிதம் போடமாட்டாரே? ஒரு சொல்லு?"

"கிறேஸுக்குத் தெரிஞ்சிருந்தால் எழுதியிருப்பாள்."

"அவவுக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு." அவள் முகத்தைத் துடைத்தாள். "பிள்ளையைப் போய்ப் பாக்காமல், பிள்ளையின்ரை பத்திரத்தை மட்டும் எடுத்திருக்கிறார். ஒரு தகப்பன் அதை எதுக்கு எடுப்பான், சின்னண்ணை? மூண்டு இரவா இதைத்தான் யோசிக்கிறன்."

அவன் யோசித்தான். பள்ளிக்கூடத்துக்கு. கன்னியர் மடத்துக்கு. படகேறி இந்தியக் கரைக்குப் போய் அகதி முகாமில் பதிவதற்கு. எதை எண்ணினாலும் அது ஒரே இடத்தில் வந்து முடிந்தது.

"கூட்டிக்கொண்டு போறதுக்கு," என்றான்.

இருவரும் தபால் கந்தோரை நோக்கி ஏறக்குறைய ஓடினார்கள். மூடுவதற்கு இருபது நிமிடம் இருந்தது. தந்திப் படிவத்தை விமலராணி எடுத்தாள். ஆங்கிலம் அவளுக்குத்தான் வரும். மன்னாரில் ஆயர் இல்லத்துக்கு அனுப்பினால் அங்கிருந்து யாராவது மடுவுக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு நாளோ, பத்து நாளோ.

மேரிகிறேஸின் பெயரை எழுதினாள். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"என்னெண்டு எழுத?"

"ஜெசிந்தாவை ஒருத்தரிட்டையும் குடுக்காதை."

எழுதத் தொடங்கியவள் பாதியில் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் படிவத்துக்காகக் கையை நீட்டினாள்.

"ஒருத்தரிட்டையும் எண்டால்," விமலராணி மெல்லக் கேட்டாள், "பெரியண்ணையிட்டையுமோ?"

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு விறாந்தையில் செருப்பைக் கழற்றியவன். அந்தோனிதாசனுக்கு நீந்தப் பழக்கியவன்.

"ஓம்," என்றான்.

சொல்லி முடிந்த பிறகும் அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவனால் நம்ப முடியவில்லை. விமலராணி எழுதினாள்.